நின்டெண்டோவிடம் கேட்காமல் ஒரு கேம் போய் விளையாட்டு

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் போய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நான்கு பற்றரிகளில் இயங்கும், கையில் அடங்கும் ஒரு பெட்டி. பச்சை படிந்த சிறு திரை. பின்னர் வந்த கேம் போய் கலரையும் சேர்த்தால் உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. நின்டெண்டோ அதன் தயாரிப்பை நிறுத்தி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் அதற்கான புதிய விளையாட்டுகள் இன்றைக்கும் வெளிவருகின்றன. அவற்றை உருவாக்குபவர்களில் பலர் வீட்டில் ஒரு சாதாரண மேசைக் கணினியோடு உட்கார்ந்திருக்கும் தனியாட்கள். நின்டெண்டோவிடம் அவர்கள் அனுமதி கேட்பதில்லை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ஹோம்புரூ’ என்று பெயர். வீட்டில் காய்ச்சிய பியரைக் குறித்த சொல் அது. உரிமம் இல்லாமல், நிறுவனத்தின் கருவிகள் இல்லாமல், வீட்டிலிருந்தே ஒரு விளையாட்டு இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுவதை இப்போது அது குறிக்கிறது. திருட்டுப் பிரதியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஒன்று அடுத்தவர் எழுதியதை இலவசமாக எடுத்துக்கொள்வது; மற்றது நீங்களே எழுதியதை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் ஓடவிடுவது. இரண்டுக்கும் இடையில் உள்ள கோடு எங்கே போகிறது என்பதில்தான் முப்பது வருடங்களுக்கு மேலாக வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆகவே கணினியில் என்னென்ன நிறுவ வேண்டும் என்பதற்கு முன்னால் அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

48 பைட் பூட்டு

கேம் போயை இயக்கியதும் நின்டெண்டோவின் பெயர் மேலிருந்து மெதுவாக இறங்கி வந்து நடுவில் நிற்கும். ஒரு மணி ஒலிக்கும். வெறும் அலங்காரம் என்று தோன்றும் அந்தக் காட்சி உண்மையில் ஒரு சோதனை. இயந்திரத்துக்குள் 256 பைட் அளவிலான சிறு நிரல் ஒன்று பதிந்திருக்கிறது. நாம் செருகும் கார்ட்ரிட்ஜில், அதாவது பலர் ‘கசட்’ என்று சொல்லிப் பழகிய அந்த அட்டையில், குறிப்பிட்ட இடத்தில் உள்ள 48 பைட்டுகளை அது வாசிக்கிறது. நின்டெண்டோ சின்னத்தின் படம் அந்த 48 பைட்டுகளில் இருக்க வேண்டும். தன்னிடமுள்ள பிரதியோடு அது பொருந்தாவிட்டால் இயந்திரம் அப்படியே நின்றுவிடும்.

தொழினுட்ப ரீதியில் இது மிக மெலிந்த பூட்டு. 48 பைட்டுகளை யாரும் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் எழுதினால், நின்டெண்டோவின் வணிகச் சின்னத்தை அனுமதியின்றித் திரையில் காட்டியவர் ஆகிவிடுகிறீர்கள். பூட்டை இரும்பால் செய்யாமல் சட்டத்தால் செய்திருந்தார்கள். (தைவானிய உரிமமற்ற தயாரிப்பாளர்கள் சிலர் இதிலும் ஓட்டை கண்டார்கள். இயந்திரம் அந்தப் படத்தை இரண்டு தடவை வாசிக்கிறது: காட்டுவதற்கு ஒரு தடவை, ஒப்பிடுவதற்கு ஒரு தடவை. முதல் தடவை தங்கள் சின்னத்தையும் அடுத்த தடவை நின்டெண்டோவினதையும் கொடுக்கும் கார்ட்ரிட்ஜ்களை அவர்கள் செய்தார்கள்.)

இதே தந்திரத்தைச் செகா நிறுவனமும் தன் ஜெனசிஸ் இயந்திரத்தில் பயன்படுத்தியது. கார்ட்ரிட்ஜில் குறித்த இடத்தில் செகாவின் பெயருக்குரிய நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும். இருந்தால், இது செகாவின் உரிமத்தோடு தயாரானது என்ற வாசகம் திரையில் வரும். அக்கொலேட் என்ற அமெரிக்க நிறுவனம் உரிமம் பெறாமல், செகாவின் விளையாட்டுகளைப் பிரித்துப் படித்து இயந்திரம் எதிர்பார்ப்பது என்ன என்பதைக் கண்டறிந்து, தன் சொந்த விளையாட்டுகளை வெளியிட்டது. செகா வழக்குத் தொடுத்தது. 1992இல் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கொலேட்டின் பக்கம் நின்றது. ஒரு இயந்திரத்தோடு பொருந்திப்போக வேறு வழியில்லாதபோது, அதன் செயல்பாட்டை அறிவதற்காக நிரலைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடு என்றது. திரையில் வந்த பொய் வாசகத்துக்கும் அப்படி இயந்திரத்தை அமைத்த செகாவே பொறுப்பு என்றது.

அதே ஆண்டில் வேறொரு நீதிமன்றத்தில் நேர்மாறான முடிவு வந்தது. நின்டெண்டோவின் முந்தைய இயந்திரமான என்ஈஎஸ்ஸில் ஒரு தனிச் சில்லு பூட்டாக இருந்தது. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் அதைத் தானே பிரித்துப் பார்த்து முடியாமல்போக, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் வழக்கொன்றுக்குத் தேவை என்று பொய் சொல்லி அந்த நிரலின் பிரதியைப் பெற்றுக்கொண்டது. நீதிமன்றம் அதை மன்னிக்கவில்லை. இரண்டு நிறுவனங்களுமே பூட்டைத் திறந்தவைதான். சாவியை எப்படிப் பெற்றார்கள் என்பதே தீர்ப்பை மாற்றியது. இன்றைய ஹோம்புரூ ஆட்கள் நிறுவனங்களிலிருந்து கசிந்த மூலநிரல்களைத் தொடவே பயப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பிற்காலத்து இயந்திரங்களில் பூட்டு உண்மையிலேயே இரும்பாகிவிட்டது. நிறுவனத்தின் இரகசியச் சாவியால் ஒப்பமிடப்படாத எந்த நிரலும் ஓடாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 முதலில் லினக்ஸை நிறுவ இடம் கொடுத்தது. 2010 ஏப்ரலில் வந்த ஒரு புதுப்பிப்பு அந்த வசதியை நீக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டிலிருந்த இயந்திரம் ஒரே நாளில் முன்பைவிடக் குறைந்ததாக மாறியது. நின்டெண்டோ சுவிட்சின் சில்லில் 2018இல் ஒரு குறை வெளிப்பட்டபோது, அதன் வழியே ஹோம்புரூவும் வந்தது, திருட்டுப் பிரதிகளும் வந்தன. ஒரே கதவு இருவருக்கும் திறக்கும் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் கதவைத் திறந்த சுவிட்சை இணையச் சேவையிலிருந்து நின்டெண்டோ விலக்கிவிடலாம். சுவிட்ச் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைத்த யூசு என்ற மென்பொருளின் தயாரிப்பாளர்கள் 2024 மார்ச்சில் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள்.

தொடங்குபவர் இந்தச் சண்டைக்குள் போகத் தேவையில்லை. கேம் போயில் உடைப்பதற்கு எதுவும் இல்லை. அதன் உள்ளமைப்பு முழுவதும் ‘பேன் டொக்ஸ்’ என்ற பெயரில் 1990களிலிருந்து ஆர்வலர்கள் சேர்த்து எழுதிவரும் இலவச ஆவணத்தில் இருக்கிறது. ஒரு தனி மனிதர் முழுவதுமாகத் தலைக்குள் வைத்திருக்கக்கூடிய அளவு சிறிய கணினி அது. நாம் தினமும் பாவிக்கும் கைபேசியைப் பற்றி அதைத் தயாரித்தவர்களில் எவருமே அப்படிச் சொல்ல முடியாது.

கணினியில் நிறுவுவது

பத்து வருடப் பழைய கணினி போதும். விண்டோஸ், லினக்ஸ், மக் எதுவானாலும் சரி. தேவையானவை மூன்று: எழுதுவதற்கு ஒரு உரைத் தொகுப்பி, எழுதியதை இயந்திர மொழியாக்கும் கருவித்தொகுதி, முடிவை ஓட்டிப்பார்க்க ஒரு எமியுலேட்டர், அதாவது கேம் போயைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். மூன்றுமே இலவசம்.

கருவித்தொகுதிக்கு ஆர்ஜிபிடிஎஸ் என்று பெயர். 1990களில் தொடங்கி இன்றும் பராமரிக்கப்படும் திறந்த மூலத் திட்டம். தரவிறக்கம் சில மெகாபைட்தான். பிரித்தால் நான்கு சிறிய நிரல்கள் இருக்கும். முதலாவது நீங்கள் எழுதும் அசெம்பிளி மொழியை இயந்திரக் கட்டளைகளாக்கும். இரண்டாவது அந்தத் துண்டுகளை உரிய முகவரிகளில் அடுக்கி ஒரே கோப்பாகக் கோக்கும். மூன்றாவது கோப்பின் தலைப்பகுதியைச் சரிசெய்யும். நான்காவது நீங்கள் வரைந்த படங்களைக் கேம் போய்க்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும். எதற்கும் சாளரமோ பொத்தானோ கிடையாது. கட்டளை வரியில் பெயரைத் தட்டித்தான் இயக்க வேண்டும்.

முதல் நாளில் ஆட்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் நிரலில் அல்ல, கோப்புறையில்தான். இப்படியான கருவிகள் பாதையில் இடைவெளி இருந்தால் தடுமாறும். சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயர்களும் ஒத்துவராது. உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருந்தால், டெஸ்க்டொப்பில் வைத்து வேலை செய்யாதீர்கள். சி டிரைவின் அடியிலேயே இடைவெளியற்ற, ஆங்கில எழுத்திலான ஒரு குறும்பெயரில் கோப்புறையைத் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். இன்னொன்று, விண்டோஸ் கோப்புகளின் பின்னொட்டை மறைத்துவைக்கும். நோட்பாடில் சேமித்த ‘ஏஎஸ்எம்’ கோப்பு உண்மையில் அதன் பின்னால் ‘டிஎக்ஸ்டி’யைச் சுமந்துகொண்டிருக்கலாம். பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவை முதலிலேயே இயக்கிவிடுங்கள்.

இயந்திரத்தின் முகவரிகளுக்கெல்லாம் பெயரிட்ட ‘ஹார்ட்வெயார் இன்க்’ என்ற கோப்பையும் அதே இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எழுதுவது, மொழிமாற்றுவது, கோப்பது, சரிசெய்வது, எமியுலேட்டரில் திறப்பது என்று ஒரு சுற்று. பத்து வரி நிரலுக்கு இந்தச் சுற்று ஒரு வினாடிகூட எடுக்காது. மூன்று கட்டளைகளையும் ஒரு தொகுதிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் மீண்டும் தட்ட வேண்டியதில்லை.

சரிசெய்யும் கருவி என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் மேலே சொன்ன கதை திரும்ப வரும். அந்த 48 பைட் சின்னத்தை உங்கள் கோப்பில் எழுதுவது அதுதான். கூடவே தலைப்பகுதியின் கூட்டுத்தொகையையும் கணக்கிட்டு எழுதும். அது பிழைத்தாலும் இயந்திரம் தொடங்காது. இந்தப் படியை விட்டுவிட்டாலும் சில எமியுலேட்டர்கள் தொடக்கச் சோதனையைத் தாண்டிப்போய் விளையாட்டை ஓட்டிவிடும். உண்மையான கேம் போய் அப்படி விடாது. ஆகவே சேம்போய், எமுலிஷியஸ் போன்ற, உண்மை இயந்திரத்தை நுணுக்கமாகப் பின்பற்றும், நிரலை ஒவ்வொரு அடியாக நிறுத்திப் பார்க்கவும் விடும் எமியுலேட்டர்களைப் பாவிப்பது நல்லது.

எழுதுவதற்கு அசெம்பிளி வேண்டாம் என்றால் இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஜிபிடிகே என்ற தொகுதியோடு சி மொழியில் எழுதலாம். ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருளில் நிரலே எழுதாமல், காட்சிகளையும் பாத்திரங்களையும் இழுத்துப் போட்டு உருவாக்கலாம். ‘டெடியஸ்’ என்ற திகில் விளையாட்டு அப்படி உருவானதுதான். கதை சொல்ல விரும்புபவருக்கு ஜிபி ஸ்டூடியோ சரியான தெரிவு. ஆனால் கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஓரளவேனும் இருந்தால் இரண்டு கிழமை அசெம்பிளியோடு மல்லுக்கட்டிப் பாருங்கள் என்பேன். இந்தச் செயலிக்குப் பெருக்கத் தெரியாது, வகுக்கத் தெரியாது. ஒரு எண்ணைப் பத்தால் பெருக்க, அதை மூன்று தடவை இரட்டிப்பாக்கி, ஒரு தடவை இரட்டித்ததையும் கூட்ட வேண்டும். புள்ளிகளைத் திரையில் பத்தடிமானத்தில் காட்டுவதே ஒரு மாலை நேர வேலை.

திரை என்ற ஓட்டுத் தரை

கேம் போயின் திரையில் அகலவாக்கில் 160 புள்ளிகள், உயரவாக்கில் 144. நான்கு சாயல்கள். ஆனால் ஒவ்வொரு புள்ளியாக நாம் வரைவதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரங்களை, தரை ஓடுகளைப் போல, ஒரு பட்டியலாக நினைவகத்தில் வைக்கிறோம். எந்த இடத்தில் எத்தனையாவது ஓடு என்று இன்னொரு பட்டியல். திரையில் 20க்கு 18 ஓடுகள் தெரியும். ஒரு ஓட்டுக்கு 16 பைட். படத்துக்கான நினைவகம் மொத்தம் 8 கிலோபைட். அதில் 384 ஓடுகளுக்கு இடமுண்டு. பின்னணிக்கு ஒரே நேரத்தில் 256ஐத்தான் பயன்படுத்தலாம். அதன் மேல் அசையும் உருவங்கள் 40. ஒரே கிடைக்கோட்டில் பத்துக்கு மேல் வந்தால் மிகுதி மறைந்துவிடும்.

புதியவர்களைக் குழப்பும் விடயம் நேரம். திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 தடவை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போது படநினைவகத்தின் கதவு மூடியிருக்கும். அப்போது எழுதினால் எழுதியது காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. படத்தில் அங்கங்கே ஓட்டைகள் மட்டும் தெரியும். 144 வரிகளும் முடிந்தபின் பத்து வரிகளுக்கான நேரம் ஓய்வு. ஒரு மில்லிவினாடியை விடச் சற்றே அதிகமான அந்த இடைவெளிதான் தாராளமாக எழுதக் கிடைக்கும் நேரம். திரையை முழுவதும் அணைத்துவிட்டும் எழுதலாம், ஆனால் அணைப்பதும் அந்த ஓய்வுக்குள்தான் நடக்க வேண்டும். எமியுலேட்டரில் தவறினால் ஒன்றும் ஆகாது. உண்மையான பழைய கேம் போயில் திரையே பழுதடையக்கூடும் என்று ஆவணங்கள் எச்சரிக்கின்றன.

இப்போது அந்தத் திரையில் தமிழைக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு ஓடு, அத்தோடு முடிந்தது. தமிழில் ‘ண’வையும் ‘ஞ’வையும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடைத்தால் வாசிக்க முடியாது. நான்கு ஓடுகளைச் சேர்த்துப் 16க்கு 16 எடுத்தால் அழகாக வரும், ஆனால் ஒரு வரியில் பத்துக் கட்டங்கள்தான், மொத்தம் ஒன்பது வரிகள். ‘யாழ்ப்பாணம்’ எட்டுக் கட்டங்களில் அடங்கும். ‘திருகோணமலை’க்கு ஒன்பது வேண்டும், ஏனென்றால் ‘கோ’வும் ‘லை’யும் கொம்பு, கால் எல்லாம் சேர்த்து ஐந்து கட்டங்களைத் தின்றுவிடுகின்றன.

247 எழுத்துகளையும் தனித்தனியாக வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்களுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவங்களாக 108. பிறகு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்று நான்கு. மொத்தம் 125 வடிவங்கள் போதும். ஒன்றுக்கு 64 பைட் என்றால் 8,000 பைட். கூடுதல் சில்லுகள் இல்லாத எளிய கார்ட்ரிட்ஜின் முழுக் கொள்ளளவே 32 கிலோபைட். ‘டெட்ரிஸ்’ முழுவதும் அடங்கிய இடத்தில் கால்வாசியைத் தமிழ் எழுத்துகள் மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

குறைக்க வழிகள் உண்டு. எழுத்துக்குச் சாயல்கள் தேவையில்லை, கறுப்பும் வெள்ளையும் போதும்; ஆகவே பாதி அளவில் சேமித்து, திரைக்கு அனுப்பும்போது விரிக்கலாம். ‘க’வுக்கும் ‘க்’குக்கும் கீழ்ப்பாதி ஒன்றே, மேலிரண்டு ஓடுகள் மட்டும் வேறு. காலுக்கு முழு அகலம் வேண்டாம், பாதி போதும். அப்போது ‘யாழ்ப்பாணம்’ ஏழு கட்டங்களுக்குள் வந்துவிடும். ஆனாலும் 125 வடிவங்களுக்கு 500 ஓடுகள். படநினைவகத்தில் அவ்வளவு இடம் இல்லை. எனவே அந்தக் கணத்தில் திரையிலுள்ள வசனத்துக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் ஏற்ற வேண்டும். எளிமையாக எழுதிய ஒரு பிரதிசெய்யும் சுற்று, அந்த ஒரு மில்லிவினாடி ஓய்வில் எண்பது பைட் அளவில்தான் நகர்த்தும். அதாவது ஒரு தடவைக்கு ஒரு தமிழ் எழுத்து. பாத்திரம் பேசும்போது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சாவதுபோல் வரவைத்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

கோப்பு முடிந்தபின்

உருவாக்கிய விளையாட்டு ‘ஜிபி’ என்ற பின்னொட்டுடைய ஒற்றைக் கோப்பு. அதை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கலாம், விற்கலாம். இட்ச் தளத்தில் இப்படியானவை நிறைய இருக்கின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. நீங்கள் எழுதியது உங்களுடையது என்பதற்கும், பழைய நின்டெண்டோ விளையாட்டின் பிரதியைத் தரவிறக்குவது உங்களுடையதல்ல என்பதற்கும் அதுவே அடிப்படை. மேலே சொன்ன அமெரிக்கத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்துவன அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படங்கள், இசை, பாத்திரங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் நீங்களே உருவாக்குங்கள். மாரியோவைப் போன்ற ஒருவரை வரைந்து, தொப்பியின் நிறத்தை மட்டும் மாற்றுவது போதாது. நான்கு சாயல் திரையில் அந்த நிறம் தெரியவும் தெரியாது.

உண்மையான இயந்திரத்தில் பார்க்க விரும்புபவர்களுக்கு எஸ்டி அட்டை செருகும் எவர்டிரைவ் போன்ற கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. அவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் குறைவல்ல. பழைய கேம் போயும் இப்போது சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. அவை இல்லாமலே முழு விளையாட்டையும் எழுதி முடிக்கலாம். முடித்தபின் யாராவது ஒருவரிடம் அந்த இயந்திரம் இருந்தால் கோப்பை அனுப்பி ஓட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். எமியுலேட்டரில் ஒழுங்காக ஓடியது அங்கே வெற்றுத் திரையாக நின்றால், முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். அடுத்ததாக, தொடக்கத்தில் நினைவகம் பூச்சியமாக இருக்கும் என்று எங்காவது நம்பியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். உண்மையான கேம் போய் விழிக்கும்போது அதன் நினைவகத்தில் கண்டபடி எண்கள் கிடக்கும்.